காலரில் உட்கார்ந்த வெந்தய வரியன்

மலையடிவாரத்துத் தேனூத்துமடையில், சித்திரை பத்தாம் தேதி காலை ஏழேகால் மணிக்கு, வாய்க்கால் பாலத்துக்குக் கிழக்கே பத்தடியில், தன் புருஷனின் சட்டைக் காலரில் வந்து உட்கார்ந்த ஒரு வெந்தய வரியனை அஞ்சுகம் போனில் படம் எடுத்தாள். அதற்கப்புறம் அந்த வண்ணத்துப்பூச்சியும் நகரவில்லை, பூச்சிக்கு அடியிலிருந்த காலரும் நகரவில்லை, காலருக்குள்ளே இருந்த கோமதிநாயகமும் நகரவில்லை. வைகாசி மூணாம் தேதி அவன் சவுதியில் உள்ள தம்மாமுக்கு விமானம் ஏறியாக வேண்டும். அன்றைக்கு ஏறாவிட்டால் விசா செல்லாது, வேலையும் கிடையாது. அது ஊருக்கே தெரியும்.

அஞ்சுகம் நடக்க ஆரம்பித்தது வண்ணத்துப்பூச்சிக்காக ஒன்றும் இல்லை, சர்க்கரைக்காக. நாலு வருஷத்துக்கு முந்தி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தினம் முக்கால் மணி நேரம் நடங்கம்மா, இல்லைன்னா ஊசிதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஊசி என்றாலே அஞ்சுகத்துக்குப் பாதி உயிர் போய்விடும். மறுநாளே வாய்க்கால் கரையைப் பிடித்து வனத்துறைச் செக்போஸ்ட் வரைக்கும் போய்த் திரும்பினாள். ஆனால் சும்மா நடக்கிறது என்ன நடை? ஆட்டைப் பத்திக்கொண்டு நடக்கலாம், விறகுக்கு நடக்கலாம், ஒரு ஜோலியும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் கையில் போனை வைத்துக்கொண்டாள், வழியில் கண்ட வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுத்தாள், எடுத்ததில் நல்லதாக ஒன்றைத் தம்மாமில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த புருஷனுக்குக் 'காலை வணக்கம்' என்று எழுதி அனுப்பினாள். செக்போஸ்டில் வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கொன்னை வெள்ளையன் என்று படமும் பெயருமாக ஒரு போர்டு வைத்திருந்தார்கள், அதைப் பார்த்துப் பார்த்து அத்தனை பெயரும் அவளுக்கு மனப்பாடம். அங்கே கோமதிநாயகம் எழுந்து பல் தேய்க்கிறபோது பூச்சியைப் பார்ப்பான், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவான். நாலு வருஷமாக ஆயிரத்துச் சொச்சம் பூச்சி, ஆயிரத்துச் சொச்சம் கட்டைவிரல். புருஷன் பெண்டாட்டி பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அவன் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் இரண்டு மாத லீவில் வருவான், இருப்பான், போவான். ஒவ்வொரு தடவை வேன் வந்து வாசலில் நிற்கிறபோதும் 'போகாதிய' என்று ஒரு வார்த்தை அஞ்சுகத்துக்குத் தொண்டை வரைக்கும் வரும், அதற்குமேல் வராது. 'நான் போகலை' என்று அவன் தொண்டையிலும் ஏதாவது வந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஊரில் முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான், இதில் என்ன கேட்க.

இந்தத் தடவை வரும்போது அவளுக்கென்று பெரிய கேமரா வைத்த புதுப் போன் ஒன்று வாங்கி வந்தான். வந்த நாளிலிருந்து விருந்தும் கல்யாண வீடும் சாவு வீடுமாகவே பொழுது போயிற்று. சித்திரை பத்தாம் தேதிதான், "நீ தினம் அனுப்புதியே, அந்தப் பூச்சியெல்லாம் எங்க இருக்குன்னு காட்டு" என்று, போன மாதம் தைத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு நடக்க வந்தான். வெயில் அப்போதே உச்சியில் உறைக்க ஆரம்பித்திருந்தது. புதுப் போனில் அவள் எடுத்த முதல் படம் எருக்கஞ்செடிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பறந்தது, இரண்டாவது எலுமிச்சைத் தோப்பு வேலியோரம், மூன்றாவது டீக்கடைக்கு எதிர்த்தாற்போல் மனுஷன் தலை உயரத்தில். மூன்றும் எடுத்த இடத்திலேயே காற்றில் அப்படியே நின்றுவிட்டதை அவள் கவனிக்கவில்லை. படம் எடுக்கிறவர்கள் யார் அப்புறம் பூச்சியைப் பார்க்கிறார்கள், படத்தைத்தானே பார்க்கிறார்கள். நாலாவதுதான் காலர்.

"அசையாதிய, காலர்ல ஒண்ணு உக்காந்திருக்கு."

"எடு, எடு" என்று அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

"எடுத்தாச்சி, வாங்க" என்று நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

"என்ன நிக்கிய?"

"சட்டை வரமாட்டேங்குளா" என்றான் கோமதிநாயகம்.

அவள் வந்து பூச்சியைத் தொட்டுப் பார்த்தாள். இறக்கை மெத்தென்று தூள் ஒட்டத்தான் இருந்தது, ஆனால் சுவரில் அறைந்த ஆணியைப் பிடித்து இழுத்தது போலத்தான் ஆயிற்று. இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். பிறகு அவள், "வெயில்ல நிக்காதிய" என்றாள். அவன், "எங்க போய் நிக்க?" என்றான். அதுவும் சரிதான் என்று அவள் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு குடை எடுத்து வந்தாள்.

ஒன்பது மணிக்குள் ஊர் கூடிவிட்டது. சலூன் வைத்திருக்கிற மாடக்கண்ணு கத்தரிக்கோலோடு வந்தான். "காலர்ல விரக்கடை வெட்டிவிட்டா ஆளு வெளிய வந்திருவாரு அண்ணாச்சி, ஒரு நிமிச வேலை."

"போன மாசம் தச்ச சட்டைவே" என்றான் கோமதிநாயகம். "வெட்டிருவீரா?"

மாடக்கண்ணு சட்டையைத் தடவிப் பார்த்தான், நல்ல துணி. கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டான், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சட்டைக்கு முன்பக்கம் ஏழு பொத்தான் இருந்ததையும் வந்திருந்த எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மலையைப் பார்த்தார்கள். அஞ்சுகத்துக்கு மட்டும்தான் பொத்தான் கண்ணில் படவில்லை. புருஷன் ஊரை விட்டு நகர முடியாது என்று ஆனதும் அவள் மனசுக்குள் எழும்பிய சந்தோஷத்தை அமுக்கி வைக்கவே அவளுக்கு இரண்டு கையும் போதவில்லை, பொத்தானை எங்கே பார்க்க.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊர் அன்று சாயந்தரம் வரைக்கும் பேசியது. மறுநாள் பேசவில்லை, மறுநாள் வேறே ஜோலி இருந்தது. டீக்கடைக்கு எதிரில் தலை உயரத்தில் நின்ற பூச்சியில் பால்காரர் மூன்று லிட்டர் தூக்குவாளியை மாட்டிப் பார்த்தார், தாங்கியது, அதற்கப்புறம் தினம் அங்கேதான் மாட்டினார். எலுமிச்சைத் தோப்புக்காரர் தன் பூச்சியில் சட்டையையும் மண்வெட்டியையும் தொங்கவிட்டார். அஞ்சுகம் நடையை நிறுத்தவில்லை, சர்க்கரை யாருக்காகவும் காத்திருக்காது. அவள் எடுக்க எடுக்கப் பூச்சிகள் நிற்க நிற்க, வீடு வீடாக வந்து அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்: "அக்கா, எங்க முத்தத்துல எதிரெதிரா ரெண்டு எடுத்துக் குடுங்களேன், துணிக்கொடி கட்டணும்." அவளும் போய் முற்றத்தில் நிற்பாள், சரியான உயரத்துக்கு ஒன்று வருகிற வரைக்கும் காபி குடித்துக்கொண்டு காத்திருப்பாள். இரண்டு வீட்டுக்கு நடு எல்லையில் நின்ற ஒரு கொன்னை வெள்ளையனுக்காகப் பெரிய சண்டையாகி கிராம நிர்வாக அலுவலரைக் கூட்டி வந்தார்கள். அவர் சங்கிலி போட்டு அளந்து பார்த்து, கீழே இருக்கிற நிலம்தான் தன் பதிவேட்டில் உண்டு, மேலே இருக்கிற காற்று இல்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்த பூச்சியை எடுத்தால் அந்த ஒன்றும் சேர்ந்து நின்றுவிடும் என்று ஊருக்குப் புரிந்தபிறகு, அஞ்சுகம் போனும் கையுமாக எதிரே வந்தால் ஆண்கள் துண்டை உதறினார்கள், பெண்கள் கொண்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான் அதற்குண்டான ஜாக்கிரதை.

பாலத்தடியில் கோமதிநாயகத்துக்கு முதல் நாளே கீற்றுப் பந்தல் போட்டாயிற்று. காலர் நிற்கிற உயரத்துக்கு அவன் நிற்கத்தான் முடியும், உட்கார முடியாது என்பதால், மாடக்கண்ணு தன் சலூன் நாற்காலியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உயர்த்தி, சாய்த்து, தலைக்கு மெத்தை வைத்து, அவனை உட்கார வைத்தான். நாற்காலி இல்லாத சலூனில் தான் என்ன செய்ய என்று கண்ணாடியையும் கொண்டு வந்து பந்தல் காலில் மாட்டினான். ஊர் ஆண்கள் சவரத்துக்கு அங்கே வந்தார்கள், சவரத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் அங்கே வந்தார். ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினை அங்கே கொண்டுவந்து அவன் விரலை வைத்து வாங்கிக்கொண்டு போனார். சட்டையை அஞ்சுகம் அவன் போட்டிருந்தபடியே சோப்புப் போட்டுத் தேய்த்துச் செம்பால் ஊற்றி அலசினாள், பிறகு அவனும் சட்டையும் சேர்ந்தே வெயிலில் காய்ந்தார்கள். "மத்த காரியத்துக்கெல்லாம் என்ன செய்யிய?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது மாடக்கண்ணு குறுக்கே விழுந்து, "அதெல்லாம் ஆம்பளையாளு நாங்க பாத்துக்கிடுதோம், நீங்க சோத்த மட்டும் கொண்டாங்கக்கா" என்றான். காலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் வாய்க்கால் பக்கம் யாரும் போவதில்லை என்று ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யாரும் சொல்லி உண்டாகவில்லை, அதுவாக உண்டாயிற்று.

இவர்களுக்கு ஒரு மகள், செண்பகம், பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறாள். அப்பாவோடு அவளுக்குப் பழக்கம் இல்லை, விருந்தாளியோடு எவ்வளவு பழகலாமோ அவ்வளவுதான். "அப்பா சாப்பிடுறாகளான்னு கேளும்மா" என்று ஆள் எதிரில் இருக்கிறபோதே அம்மாவிடம் சொல்லுவாள். ஆனால் பாலத்தில் நிற்கிற ஆளை விருந்தாளி என்று எத்தனை நாள் நினைக்க முடியும்? சாயந்தரம் நாலு மணிக்குத் தூக்குச் சட்டியில் காபி கொண்டுபோனவள், முதல் நாள் கொடுத்துவிட்டு வந்தாள், இரண்டாம் நாள் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தாள், நாலாம் நாள் இருட்டுகிற வரைக்கும் வீடு திரும்பவில்லை. பத்தாம் நாள் அஞ்சுகம் ராத்திரிச் சோறு கொண்டு போகிறபோது தூரத்திலேயே சத்தம் கேட்டது. "நர்சிங்தான் படிப்பேன், உங்களுக்கு என்ன தெரியும், நீங்க என்னைக்கு இங்க இருந்திய?" என்று மகள் கத்துகிறாள். "ஏட்டி, அப்பன்ட்டயா குரல ஒசத்துத?" என்று அவன் கத்துகிறான். அப்பனும் மகளும் சண்டை போடுகிறதை அஞ்சுகம் அதுவரைக்கும் கேட்டதே இல்லை. சட்டியை வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, முழுவதையும் நின்று கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது.

இதற்கிடையில் பார்சல்கள் வர ஆரம்பித்தன. லீவு முடிந்து போகிறவன் வீட்டுக்கு ஊரார் பார்சல் கொண்டுவந்து கொடுப்பது அங்கே உள்ள வழக்கம். தம்மாமில் இருக்கிற மகனுக்கு, மருமகனுக்கு, தம்பிக்கு என்று இட்லிப் பொடி, கருவாடு, அதிரசம், வேர்க்குருவுக்கு மருந்து எல்லாவற்றையும் துணியில் வைத்துத் தைத்து, மேலே பேர் எழுதிக் கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடாது, தூக்கிப் பார்த்து முகம் சுளிக்கவும் கூடாது. ஆள் நகர முடியாமல் நிற்கிறான் என்பதற்காக வழக்கத்தை விட முடியுமா? பார்சல்கள் பாலத்துக்கு வந்தன. முதல் பார்சல் ஆவுடையம்மாவுடையது. அவள் ஒரே மகன் போய் மூன்று வருஷமாக லீவு கிடைக்காமல் கிடக்கிறான். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு, பாட்டில் வாயை மெழுகால் அடைத்து, எட்டு முழம் பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து நாற்காலிக்கடியில் வைத்தாள்.

"எப்படியும் போயிருவல்லா நாயகம்?"

"பூச்சி விட்டாப் போயிருவேன் பெரியம்மா."

"விடும், விடும். எத்தன நாளைக்குப் பிடிச்சிக்கிடும்" என்று அவள் பூச்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். சித்திரை முடிகிறபோது நாற்காலியைச் சுற்றி முப்பத்தோரு பார்சல் இருந்தது.

அதற்கு முந்தியே, சித்திரை இருபத்திரண்டாம் தேதி, மினி பஸ் ஒன்று நின்றுபோயிற்று. டவுனுக்குப் போகிற மினி பஸ், ஸ்டாப்பில் நிற்கிறபோது பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓர் எலுமிச்சை அழகி வந்து உட்கார, அஞ்சுகம் கைப்பழக்கத்தில் எடுத்துவிட்டாள். பஸ் போகவில்லை. கண்ணாடியைக் கழற்ற ஸ்பானரோடு டிரைவர் வந்தபோது, கழற்றிவிட்டு ஓட்டினால் அபராதம் என்று கண்டக்டர் தடுத்துவிட்டார். இரண்டு நாள் பஸ் அங்கேயே நின்றது. போகிற அவசரம் இல்லாதவர்கள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் காற்றில் தூங்கினார்கள், போகாத பஸ்ஸுக்கு டிக்கெட் கிடையாது என்று கண்டக்டரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அஞ்சுகம் வீட்டில் உட்கார்ந்து போனில் ஆடிப்போன படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். பஸ் படத்தில் பூச்சி கலங்கலாக இருந்தது, கண்டக்டரின் முழங்கை மட்டும் தெளிவாக இருந்தது. அழித்தாள். அழித்த அதே நிமிஷம் தெருவில் ஹாரன் சத்தமும் கைதட்டலும் கேட்டது. எட்டிப் பார்த்தால், தூங்கிக்கொண்டிருந்த ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு பஸ் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஓடி வந்து மறுபடியும் போனை எடுத்தாள். டீக்கடைப் படத்தைத் தேடி எடுத்து அதையும் அழித்தாள். தெருமுனையில் தொபுக்கென்று வாளி விழுந்தது, பால்காரர் வாய் ஓயாமல் திட்டினார். பாவம், மூன்று லிட்டரும் மண்ணுக்குப் போயிற்று. அன்று காலை கண்டக்டர் பூச்சியை வைத வசவில்தான் பூச்சி போயிற்று என்று ஊர் முடிவு கட்டிக்கொண்டது. உண்மை தெரிந்தவள் அஞ்சுகம் ஒருத்திதான்.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு விரல் தொட்டால் போதும், அவன் விடுபட்டுவிடுவான், வைகாசி மூணாம் தேதி வேன் ஏறிப் போய்விடுவான், ரெண்டு வருஷம். தொடாவிட்டால் இருப்பான், பத்தொன்பது வருஷ வேலை போய்விடும், போனது இவளால். பந்தலில் அவன் செண்பகத்தோடு சிரிக்கிறதைப் பார்க்கும்போது தொடமாட்டேன் என்று நினைப்பாள். வீட்டுக்கு வந்து படுத்தால், ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே என்று எழுந்து உட்காருவாள். கடைசியில் ஒருநாள் விடிவதற்குள் எழுந்து, எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுவது, அழிக்கவா வேண்டாமா என்று அவனையே கேட்டுவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். மணி ஐந்தேகால் இருக்கும். அந்நேரம் அங்கே போகக்கூடாது என்கிற ஊர் வழக்கம் அவளுக்குத் தெரியாது, அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

பந்தலில் ஆள் இல்லை. சட்டை மட்டும் இருந்தது. காலரில் வெந்தய வரியன், காலரிலிருந்து வெள்ளைச் சட்டை, ஏழு பொத்தானும் திறந்து, இரண்டு கையும் தொங்க, காற்றில் தனியாக நின்று லேசாக ஆடியது. வாய்க்காலில் முங்கி எழுந்து முதுகு தேய்த்துக்கொண்டு கோமதிநாயகம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான்.

அஞ்சுகம் எருக்கஞ்செடி மறைவில் நின்றாள். அவன் துவட்டிக்கொண்டு வந்து, சட்டைக்குள் ஒரு கை விட்டு, மறுகை விட்டு, பொத்தானை வரிசையாகப் போட்டு, நாற்காலியில் ஏறிச் சாய்ந்து, நகர முடியாத மனுஷனாக ஆகிறதைப் பார்த்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அட கள்ளப்பய மவனே என்று வாய்க்குள்ளேயே சொன்னாள். அப்புறம் அழுகை வந்தது. வீட்டுக்குத் திரும்பி நடக்கிறபோது இரண்டும் போய்க் கோபம் வந்தது, அது மட்டும் போகவே இல்லை.

போகப் பிடிக்கவில்லை, சரி. இருக்க ஆசை, சரி. அதை ஒரு வார்த்தை பெண்டாட்டியிடம் சொல்லக்கூடாதா? ஊரைக் கூட்டி, நாற்காலி போட்டு, ஒரு பூச்சி தலையில் பழியைப் போட்டுத்தான் இருக்கணுமா? நாளைக்கு வேலை இல்லாமல் நாலு பேர் நாலு பேச்சுப் பேசுகிறபோது, 'அந்தப் பூச்சி மட்டும் பிடிக்காம இருந்தா நான் போயிருப்பேன்' என்று சொல்லுவான். அதைச் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்காகவும் என் பிள்ளைக்காகவும் இருக்கேன்னு சொல்ல இவனுக்கு வாய் இல்லையா என்று பொருமினாள். நீ மட்டும் என்னைக்குப் போகாதேன்னு சொன்னே என்று மனசு ஒரு கேள்வி கேட்டது. அந்தக் கேள்வியில் கோபம் இன்னும் கூடிற்று.

மத்தியானம் சோறு வைக்கிறபோது, "நாளன்னைக்கு வேன் வருது" என்றாள்.

"வரட்டும். பூச்சி விடணும்லா."

"பூச்சியா விடமாட்டேங்கு?"

"பின்ன?" என்று அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ரசத்தை உறிஞ்சினான்.

வைகாசி மூணாம் தேதி பத்து மணிக்கு வேன் வந்தது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன், உள்ளே பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஏற்கனவே பெட்டியும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் யாக்கோபு வெளியூர்க்காரர். ஊரே பாலத்தில் நின்றது. யாக்கோபு இறங்கி வந்து, நாற்காலியைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், முப்பத்தோரு பார்சலைப் பார்த்தார். மாடக்கண்ணு நடந்ததையெல்லாம் ஆதியோடந்தமாகச் சொன்னான். யாக்கோபு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ சட்டையக் கழட்டிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்.

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருபத்துநாலு நாளாக ஒரு ஊரே கட்டிக் காப்பாற்றி வந்த மரியாதையை ஒரு வேன் டிரைவர் போட்டு உடைத்துவிட்டாரே என்று மாடக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சட்டை இல்லாம ஏரோப்ளேன்ல ஏத்துவானாவே?" என்றான்.

"பெட்டிக்குள்ள வேற சட்டை இல்லியா?"

வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கோமதிநாயகம் தலை குனிந்து பொத்தானைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் அஞ்சுகத்துக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், போனை எடுத்தாள், சித்திரை பத்தாம் தேதிக்குப் போனாள். படத்தில் வெந்தய வரியன் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற புருஷன் முகத்தில் பாதி இருந்தது. போனால் போகட்டும், போகிறவன் தானாகப் போகட்டும், இருக்கிறவன் தானாக இருக்கட்டும் என்று அழித்தாள்.

பூச்சி இறக்கையை ஒருதரம் மூடித் திறந்தது. காலரை விட்டு எழும்பிப் பந்தலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று. எல்லோரும் பார்த்தார்கள். நாற்காலி கிறீச்சென்றது. இத்தனை நாள் விறைத்து நின்ற காலர் சாதாரணக் காலராக மடங்கி விழுந்தது.

யாக்கோபு கைதட்டினார். "அப்புறம் என்ன, ஏறுங்க. நேரமாச்சி."

"எங்க ஏற?" என்று ஒரு குரல் கேட்டது. ஆவுடையம்மா. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, வெறும் காலரை உற்றுப் பார்த்தாள், காலுக்கடியில் இருந்த தன் ஊறுகாய் பாட்டிலையும் பார்த்தாள். "பூச்சிதான் இன்னும் இருக்கே. ஆணி அறைஞ்ச மாதிரில்லா இருக்கு. இவன் எங்கிட்டு ஏறுவான்?"

"ஆமா, இருக்கு" என்றான் மாடக்கண்ணு.

"நல்லா இருக்கு" என்றார் பால்காரர். "எனக்கு இங்கருந்தே தெரியுதே" என்றார் தபால்காரர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், மகனுக்குக் கருவாடு கொடுத்தவர்கள், மருமகனுக்கு அதிரசம் கொடுத்தவர்கள், ஆளுக்கு ஆள் இருக்கு இருக்கு என்றார்கள். யாக்கோபு கண்ணைத் துடைத்துவிட்டுக் காலரைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

கோமதிநாயகம் நாற்காலியை விட்டு இறங்கினான். கால் மரத்துப் போயிருக்க வேண்டும், ஒருதரம் தடுமாறினான். பார்சல்களைத் தாண்டி, ஊர் விலகி வழி விட, நேரே வேனுக்கு நடந்தான். போகிறான். அவிழ்த்துவிட்டதும் போகிறான், பத்தொன்பது வருஷப் பழக்கம் எங்கே விடும், நானே என் கையால் அழித்தேனே என்று அஞ்சுகம் நின்றாள். செண்பகம் அம்மா கையை இறுக்கிப் பிடித்தாள். அவன் வேன் கதவில் கையை வைத்தான். உள்ளே இருந்த இரண்டு பேரும் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"யாக்கோபு அண்ணாச்சி" என்றான். "நான் வரலை."

"அதான் சொல்லுதாகளே, பூச்சி..."

"பூச்சி போயாச்சி" என்றான் கோமதிநாயகம், எல்லோருக்கும் கேட்கும்படி. "பூச்சியெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் வரலை. எனக்குப் போகப் பிடிக்கலை." கதவைச் சாத்தினான்.

வேன் போயிற்று. இவ்வளவு பச்சையாகச் சொல்லிவிட்டானே என்று ஊருக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அவரவர் பார்சலை அவரவர் எடுத்துக்கொண்டு, இன்னொருத்தர் முகத்தைப் பார்க்காமல் கலைந்தார்கள். ஆவுடையம்மா பாட்டிலைச் சேலையிலிருந்து பிரித்து அஞ்சுகத்தின் கையில் வைத்து, "மத்தியானச் சோத்துக்குத் தொட்டுக்கோங்க, எம் மவனுக்கு வேற போட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனாள். மாடக்கண்ணு நாற்காலியின் கைப்பிடியைச் சுற்றிக் கீழே இறக்கினான்.

கோமதிநாயகம் அவளிடம் வந்து நின்றான். இரண்டு கையையும் எங்கே வைக்க என்று தெரியாமல் நின்றான்.

"ஏளா, நான் போகலை" என்றான்.

"கேட்டுச்சி" என்றாள் அஞ்சுகம். ஊறுகாய் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள், கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது, அதைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க."